எதிர்த் திசையில் ஒரு கிலோமீட்டர்

இருபத்து நான்கு வருஷம் அரசு பஸ் ஓட்டினேன். பெரும்பாலும் விழுப்புரம்–திண்டிவனம் தடம்தான். என் சகலை போலீஸ்காரர். இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் என் வயிற்றெரிச்சலில் முக்கால் பங்கைச் சொல்லியாகிவிட்டது. மீதிக் கால் பங்குக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சகலை என் மனைவியின் தங்கை புருஷன். மாமனார் அந்தத் தடத்தில் இருக்கிற கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். இரண்டே பெண்கள். 1993-ல் எனக்கு டிரைவர் வேலை கிடைத்த கையோடு மூத்தவளைக் கட்டிவைத்தார்கள். அடுத்த மூன்று வருஷம் அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் நான் ஒருவன்தான். நான் போனால் கோழி அடிப்பார்கள், கட்டிலில் புதுப் போர்வை விரிப்பார்கள். மாமனார் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "எம் மாப்ள, கவர்மென்ட்டு டிரைவரு" என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்புவார். அப்புறம் சின்னவளுக்குப் போலீஸ் மாப்பிள்ளை வந்தார். அன்றோடு நான் "பெரிய மாப்ள" ஆகிவிட்டேன். பட்டம்தான் பெரிசு. கோழியின் தொடைக்கறி அவர் இலைக்குப் போயிற்று.

அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். முறைப்படி "வா தம்பி" என்றுதான் நான் கூப்பிட வேண்டும். வாசலில் அந்தக் காக்கியைப் பார்த்ததும் என் நாக்கு என்னைக் கேட்காமலே "வாங்க தம்பி" என்றது. அதற்குப் பிறகு மாற்ற முடியவில்லை. இத்தனைக்கும் நானும் காக்கிச் சட்டைதான் போட்டிருந்தேன். என் காக்கிக்கு யாரும் "வாங்க" போட்டதில்லை. ஸ்டாப்பிங்கில் இரண்டடி தள்ளி நிறுத்தினால் "யோவ் டிரைவரு" என்றுதான் குரல் வரும்.

ஆள் மோசமானவர் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. மோசமானவராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். சிரித்த முகம். என்னை "அண்ணா, அண்ணா" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஆனால் ரோட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஹெல்மெட் கிடையாது. சிக்னல் கிடையாது. ஒன்வே கிடையாது. வண்டியின் முன்னாலும் பின்னாலும் சிவப்பும் நீலமுமாகப் போலீஸ் என்று ஒட்டியிருப்பார். அந்த ஸ்டிக்கர் போதும், மீதியை ரோடு பார்த்துக்கொள்ளும்.

எனக்கோ விதிதான் சோறு. கோட்டைத் தாண்டி அரை சக்கரம் நின்றால் மெமோ. ஒரு சைக்கிள்காரன் தானாக வந்து முட்டி விழுந்தால் அதற்கும் மெமோ. அந்த மெமோவுக்குப் பதில் எழுத எங்கள் டெப்போவில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு வாசகம் உண்டு: "ஹாரன் ஒலித்து, பிரேக்கைப் பயன்படுத்தி, இயன்றவரை தவிர்க்க முயன்றும்..." அந்த வரிசை மாறக்கூடாது. விசாரணையில் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியே "ஹாரன் அடிச்சியா?" என்பதுதான். அதனால் எங்களுக்கு ஆபத்து என்றதும் முதலில் கை ஹாரனுக்குத்தான் போகும், கால் அப்புறம்தான் பிரேக்குக்குப் போகும். தப்பான பழக்கம்தான். பதில் சொல்லிச் சொல்லியே வந்த பழக்கம் அது.

அப்படிப்பட்ட வேலையில் என் பெயரில் ஒரு விபத்துகூட இல்லை. ஒரு கோழிகூட என் சக்கரத்தில் மாட்டியதில்லை. டெப்போவில் விபத்தில்லாத டிரைவர் என்று என்னைத்தான் காட்டுவார்கள். இருபது வருஷம் இப்படி ஓட்டினால் மேடையில் ஏற்றிச் சால்வை போட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். சகலையிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்தது அந்த ஒன்றுதான். அதை நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

ஒருநாள் விழுப்புரம் நான்கு முனையில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறேன். மத்தியான வெயில், பஸ்ஸில் கூட்டம், எஞ்சின் சூடு முழங்காலில் அடிக்கிறது. என் ஜன்னலுக்குக் கீழே "அண்ணா" என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தால் சகலை. சாதாரண வேட்டி சட்டை. பின்னால் கொழுந்தியாள், நடுவில் குழந்தை. "சாப்டீங்களாணா?" என்றார். "இல்ல தம்பி, டிரிப்பு முடியணும்" என்றேன். "வர்றேன்ணா" என்று சொல்லிவிட்டு, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே சாவகாசமாக நடுவில் புகுந்து போய்விட்டார். குடை நிழலில் நின்ற டிராபிக் போலீஸ் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கொழுந்தியாள் திரும்பி என்னைப் பார்த்துக் கை காட்டினாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "பார்றா, நாம வெந்துக்கினு கெடக்குறோம்" என்றார். அவர் சொன்னது சாதாரணமாகத்தான். நான் அதை ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன்.

அந்த மாதமே மாமனார் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட நேர்ந்தது. நான் கேட்டே விட்டேன்.

"தம்பி, ஒரு சந்தேகம். திருடனத் தொரத்துறீங்க, ஒரு எடத்துல அடிதடி, போறீங்க. அப்ப சிக்னல் பாக்க வாணாம். ஒத்துக்கறேன். சோத்துக்குப் போறப்ப எதுக்குப் பாக்க மாட்டேங்கறீங்க?"

அவர் கோபப்படவில்லை. "போலீஸ்காரனுக்கு இருபத்துநாலு மணி நேரமும் டூட்டிதாணா. வூட்ல படுத்துக்கினு இருந்தாலும் போன் வந்தா ஓடணும். அவசரம் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"வந்தப்புறம் ஓடுங்க. வராதப்பவே எதுக்கு ஓடறீங்க?"

"பழகிக்கினு இருக்கேன்ணா" என்றார். பந்தியே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். ஆம்புலன்ஸ்காரன்கூட நோயாளி இல்லாதபோது சைரன் போடமாட்டான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மாமியார், "பெரிய மாப்ளைக்கு இன்னுங்கொஞ்சம் சோறு வையி" என்று பேச்சை வெட்டிவிட்டார். நியாயம் என் பக்கம், சிரிப்பு அவர் பக்கம். அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான் பங்கு பிரிந்தது.

இன்னொரு முறை திண்டிவனத்தில், லீவு நாளில், என் டிவிஎஸ்-ஐ ஓட்டிக்கொண்டு போனேன். ஹெல்மெட்டை மறக்காமல் எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தேன். தலையில் மாட்ட மறந்துவிட்டேன். ஓரமாக நிறுத்தினார்கள். வெயிலில் பதினைந்து பேர் வரிசையாக நின்றோம். எங்களையெல்லாம் கடந்து சகலை வண்டியில் வருகிறார், தலையில் ஒன்றுமில்லை, முடி காற்றில் பறக்கிறது. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, "நம்ம அண்ணன் சார்" என்றார். உடனே என்னை விட்டுவிட்டார்கள். மீதிப் பதினான்கு பேர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. ஹெல்மெட் போடாதவர் வந்து, ஹெல்மெட் போடாததற்காகப் பிடிபட்ட என்னை மீட்டுக்கொண்டு போகிறார். இதைவிட அவர்கள் என்மேல் கேஸ் எழுதியிருக்கலாம்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்றால், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை மனைவிக்குக் காய்ச்சல். மருந்து வாங்க சகலை தன் வண்டியைக் கொடுத்தார். போகும்போது ஒழுங்காகத்தான் போனேன். மருந்து வாங்கித் திரும்பும்போது நான்கு முனையில் சிவப்பு விழுந்தது. நின்றேன். அந்தக் குடையடிப் போலீஸ் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, போங்க என்று கண்ணைக் காட்டினார். நான் போனேன். சிவப்பு விளக்கின் கீழே, எல்லா வண்டியும் நிற்க, நான் மட்டும் தனியாகப் போனேன். அந்த இருபது அடி தூரத்தில் எனக்குக் கிடைத்த சுகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மாத்திரை பாக்கெட்டில்தான் இருந்தது. ஆனால் மருந்து அவசரத்துக்காக நான் போகவில்லை. அது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சாவியைக் கொடுத்தபோது சகலை மேல் எனக்கு முன்னைவிடப் பொறாமை அதிகமாயிருந்தது. இந்த மனுஷன் தினமும் இப்படித்தானே போகிறான் என்று நினைத்தேன்.

பிறகு நான்கு வழிச்சாலை வந்தது. நடுவில் சுவர் எழும்பிற்று. மாமனார் ஊருக்குப் போகும் தார் ரோடு, கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனம் போகிற பக்கமாக ஒரு கிலோமீட்டர் தள்ளி இடதுபுறம் பிரியும். ஊரிலிருந்து கூட்டேரிப்பட்டுக் கடைக்கு வர வேண்டுமென்றால், முறைப்படி திண்டிவனம் பக்கமாகவே இன்னும் இரண்டு கிலோமீட்டர் போய், நடுச்சுவரில் விட்ட இடைவெளியில் திரும்பி, எதிர்ப்பக்க ரோட்டில் மூன்று கிலோமீட்டர் வர வேண்டும். ஊரில் எவனும் அப்படிப் போகவில்லை. மெயின் ரோட்டில் வலதுபுறம் ஒடித்து, வருகிற வண்டிகளுக்கு நேர் எதிராக, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் வந்துவிடுவார்கள். மாட்டுத்தீவனம், பால் கேன், பள்ளிக்கூடத்துப் பெண்கள், எல்லாம் அந்த ஓரத்தில்தான்.

முழுச் சுற்றும் சுற்றி வந்த ஒரே ஆள் நான். மாமியார் வாய்விட்டே சொல்லுவார்: "பெரிய மாப்ளைய வெத்தல வாங்கியார அனுப்புனா, வாடிப்போயிதான் வரும்." பின்னால் உட்கார்ந்து வருகிற என் மனைவி அந்த ஐந்து கிலோமீட்டரும் பேசமாட்டாள். பேசமாட்டாள் என்பதைவிட, நான் பேசவிடமாட்டேன் என்பதுதான் சரி. எதிர்த் திசையில் போகிற ஒவ்வொருவனையும் காட்டி, "பார், பஸ் டிரைவர் கண்ணுக்கு இவன் எப்படித் தெரிவான் தெரியுமா?" என்று பாடம் எடுத்துக்கொண்டே வருவேன். அவள் "உம்" கொட்டுவாள்.

சகலை எப்படிப் போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓரத்தைக்கூடப் பிடிக்கமாட்டார். ரோட்டில் நடுவாகவே வருவார்.

நான் வேலைக்குச் சேர்ந்து பதினேழு வருஷம் ஆனபோது, காணும் பொங்கலன்று எனக்கு டூட்டி. பண்டிகை நாளில் பஸ்காரனுக்கும் போலீஸ்காரனுக்கும் லீவு கிடைக்காது. அந்த ஒரு விஷயத்திலாவது நாங்கள் இருவரும் ஒரே பந்தி என்று நான் ஆறுதல் பட்டிருந்தேன். அந்த வருஷம் அவருக்கு லீவு கிடைத்துவிட்டது. மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள், என் மனைவி, பிள்ளைகள் உட்பட. நான் மட்டும் காலையிலிருந்து கூட்டத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு டிரிப்பிலும் அந்த ஊர் ரோட்டைத் தாண்டும்போது கழுத்தை நீட்டி இடதுபுறம் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. கரும்புக் கொல்லைதான் தெரியும். அவர் இப்போது என் மாமனார் கட்டிலில் படுத்திருப்பார், மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருப்பார் என்று நானே கற்பனை செய்து நானே எரிவேன்.

மத்தியான டிரிப்பில் கூட்டேரிப்பட்டுக்கு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டேன். கூட்டம் படிவரை தொங்கியது. இறங்க ஆளில்லை என்றதும் கண்டக்டர் உடனே விசில் கொடுத்தார். கிளம்பிவிட்டேன். ஊரைத் தாண்டி வேகம் பிடித்தேன். வலதுபக்கம் ஒரு லாரி என்னை ஒட்டியபடியே ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எதிரில் பார்த்தேன். எங்கள் ரோட்டில், எனக்கு நேராக, ஒரு பைக். சிவப்பும் நீலமுமான ஸ்டிக்கர் வெயிலில் மின்னிற்று. அந்த உயரம், அந்த உட்காரும் தோரணை. சகலை. பின்னால் ஒரு பெண். கொழுந்தியாள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் புடவை தெரிந்தது. பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவை. என் மனைவி. மடியில் எதையோ பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கை ஹாரனுக்குப் போயிற்று. அது பழக்கம். கால் பிரேக்குக்குப் போக வேண்டும். போகவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் இருக்கும். ஹாரனை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தேன். நான் சரியான ரோட்டில் வருகிறேன், நீ தப்பான ரோட்டில் வருகிறாய், இன்றைக்கு நீதான் ஒதுங்க வேண்டும், ஒதுங்கு. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சட்டம் முழுசாக என் கையில் இருந்தது. என் கையில் மட்டும் இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு போய்ப் பயம் வந்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் பிரேக்கை மிதித்தேன்.

பஸ்ஸில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். பைக் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிச் சறுக்கி விழுந்தது. பஸ் அதைத் தொடவில்லை. நாலடி தூரம் இருந்தது. இறங்கி ஓடினேன். சகலை முழங்காலெல்லாம் ரத்தத்தோடு எழுந்து, தன்னைப் பார்க்காமல் என் மனைவியைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவள் இடது கை மணிக்கட்டில் கோணிக்கொண்டு தொங்கிற்று. பக்கத்தில் டிபன் கேரியர் திறந்து, சர்க்கரைப் பொங்கலும் கறிக் குழம்பும் மண்ணில் கிடந்தன. எனக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். என் பஸ் கூட்டேரிப்பட்டுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். நேரமாகிவிட்டது, சுற்றிப் போனால் பஸ் போய்விடும் என்று அவர்தான் குறுக்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

பயணிகள் இறங்கி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "போலீஸ்னா எப்டி வேணா வருவியா?" என்று கேட்டார்கள். நான் சொல்ல நினைத்ததையெல்லாம் அவர்களே சொன்னார்கள். எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது மனைவியிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "இன்னா அப்படிச் சிரிச்சிக்கினு வந்த?"

அவள் வலியோடு சொன்னாள்: "உங்களப் பத்திதான். அண்ணன் மட்டும் இப்ப நம்மள இந்த ரூட்ல பாத்தாருன்னா, பஸ்ஸ ஓரங்கட்டிட்டு, பாசஞ்சர எல்லாம் எறக்கி வுட்டுட்டு நமக்குக் கிளாஸ் எடுப்பாருன்னு சொல்லிக்கினு வந்தாரு."

நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன்.

காயம்பட்டதால் ஸ்டேஷன் வரை போயிற்று. அந்த இன்ஸ்பெக்டர் தன் ஆளை விட்டுக்கொடுப்பாரா? என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எழுதுகிறவரிடம், பஸ் அதிவேகமாக வந்ததால் பைக் நிலைகுலைந்து விழுந்தது என்று எழுதச் சொன்னார். பதினேழு வருஷம் பொத்திவைத்தது அந்த ஒரு வரியில் போகப்போகிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஓரத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது. சகலை இப்போது தலையாட்டுவார். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்வார். இத்தனை வருஷமாக இந்த ஆள் இப்படித்தான் என்று நான் நினைத்தது நிஜமாகிவிடும். அப்புறம் அந்த இரண்டு நொடியைப் பற்றி நான் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சகலை பெஞ்சிலிருந்து நொண்டிக்கொண்டு எழுந்தார்.

"சார், அப்டி எழுதாதீங்க. நான்தான் ராங் சைடுல வந்தேன். அவசரமும் இல்ல, டூட்டியும் இல்ல. பஸ்ஸு கரெக்டாத்தான் வந்துச்சு. அண்ணன் ஹாரன் அடிச்சாரு, பிரேக் அடிச்சாரு. தப்பு என் மேலதான்."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். "யோவ், யோசிச்சிப் பேசு. சார்ஜ் வரும்."

"வரட்டும் சார்" என்றார் சகலை.

என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஹாரன் அடித்தேன், பிரேக் லேட்டாகத்தான் அடித்தேன், ஆளைத் தெரிந்துதான் லேட் ஆக்கினேன். நான் சொன்னது இது: "ஹாரன் அடிச்சேன் சார். பிரேக்கும் போட்டேன்." இரண்டும் பொய்யில்லை. டெப்போவில் அதையே எழுதிக் கொடுத்தேன். எல்லோருக்கும் மனப்பாடமான அதே வாசகம். என் பெயரில் விபத்து பதிவாகவில்லை.

அவருக்குப் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போயிற்று. கூட வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் ஏட்டு ஆனபோது அவர் அப்படியே இருந்தார். ஒருநாள்கூட முகம் கோணவில்லை. அத்தோடு நிற்கவில்லை. வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். ஹெல்மெட் வாங்கினார். மாமனார் ஊரிலிருந்து கூட்டேரிப்பட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் சுற்றிப் போக ஆரம்பித்தார். மாமியார் இப்போது அவரைக் கிண்டல் செய்யவில்லை. "சின்ன மாப்ளைக்குப் பொறுப்பு வந்துச்சி" என்றார். அத்தனை நாள் நான் சுற்றியபோது வெற்றிலை வாடிற்று. அவர் சுற்றியதும் அதற்குப் பெயர் பொறுப்பு. ஒழுங்காக இருப்பது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. கடைசியில் அதிலும் அவர் வந்து முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அவர் தப்பு செய்தபோது எரிந்த வயிறு, அவர் திருந்தியபோது அதைவிட எரிந்தது. இதைப் படிக்கிறவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் சாப்பிடும்போது அவரே பழைய பேச்சை எடுத்தார். "அண்ணா, நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, வராத அவசரத்துக்கு எதுக்கு ஓடறேன்னு. அண்ணி மண்ணுல விழுந்து கெடந்தப்பதாணா அது மண்டைல ஏறுச்சு. டூட்டில இருக்கற போலீசுக்கு ரோடு வழி வுடணும்னா, டூட்டில இல்லாத போலீசு ரோட்டுக்கு வழி வுடணும். இல்லன்னா எவன் நம்புவான்?"

நான் இத்தனை வருஷம் சொல்லத் தெரியாமல் சுற்றிச் சுற்றிச் சொன்னதை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. "சரிதான் தம்பி" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இருபது வருஷம் முடிந்ததும் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார்கள். விபத்தில்லாமல் ஓட்டியவர்களை வரிசையாக மேடையேற்றினார்கள். என் பேரைச் சொன்னதும் கீழே பலமாக ஒரு கைத்தட்டல். யார் என்று பார்க்க வேண்டியதேயில்லை. நாலாவது வரிசையில் சகலை எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மனைவி. அவள் தட்டவில்லை. இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். குளிர் நாளில் அது வலிக்கும்.

வீட்டுக்கு வந்து சான்றிதழை எங்கே மாட்டலாம் என்று சுவரில் இடம் பார்த்தேன். தொலைக்காட்சிக்கு மேலே வைத்துக் காட்டினேன். "இங்க மாட்டவா?" என்று கேட்டேன். அவள் வந்து சான்றிதழைப் பார்த்தாள். சண்டைக்கான குரல் இல்லை அது. உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"அன்னைக்குப் பஸ்ஸு கண்ணாடிக்குள்ள உங்க மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சிதுங்க. எங்களப் பாத்துட்டீங்க. கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க சந்தோஷமா இருந்தீங்க."